தலைச்சுற்றும் காதுக்குள் ஒரு கல்லும்

"தலை சுத்துது" என்ற இரண்டு சொற்களை எமது வீடுகளில் எத்தனை விதமான உபாதைகளுக்குப் பயன்படுத்துகிறோம் என்பதைச் சற்று உற்றுக் கவனித்தால் வியப்பாக இருக்கும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பாடசாலைக்கு வந்த மாணவி, காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று கண் இருண்டு சரிகிறாள். தலைச்சுற்று என்கிறோம். நாற்காலியிலிருந்து சடுதியாக எழும்பிய வாப்பாவுக்கு ஒரு கணம் தள்ளாடுகிறது. அதுவும் தலைச்சுற்று. உம்மும்மா படுக்கையில் வலப்பக்கம் புரண்டதும் கூரையும் சுவரும் சுழல, கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தபடி கண்களை மூடிக்கொள்கிறார். அதற்கும் அதே பெயர்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுத்த குளிசை எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்கிறது.

இவற்றுள் முதல் இரண்டும் மயக்கத்தைச் சேர்ந்தவை. கண் இருள்வதும், வியர்ப்பதும், விழப்போவது போல உணர்வதும் மூளைக்குச் செல்லும் குருதி சிறிது நேரம் குறைவதால் ஏற்படுபவை. பட்டினி, போதிய நீர் அருந்தாமை, நெடுநேரம் அசையாது நிற்றல், எழும்பும்போது குருதியமுக்கம் வீழ்தல், சில மருந்துகள் என்பன இதற்குக் காரணமாகலாம். வளரும் பெண்பிள்ளைகளிடத்தில் குருதிச்சோகையையும் மறக்கக் கூடாது. அடிக்கடி கண் இருள்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று மகள் சொன்னால் ஒரு குருதிப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. (சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் எங்கள் பழக்கம், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடித்தால் தேநீர் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.)

உம்மும்மாவுக்கு வந்தது வேறு. அவருக்குக் கண் இருளவில்லை, நினைவும் தப்பவில்லை. உலகம்தான் சுற்றியது. அசையாத பொருள் அசைவதாகவோ, தாம் சுழல்வதாகவோ தோன்றும் இந்த உணர்வே உண்மையான தலைச்சுற்று. இது ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. பெரும்பாலும் இதன் பிறப்பிடம் தலையுமன்று, காது.

சிறுவயதில் கைகளை விரித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றாதவர் யார்? சுற்றிவிட்டுச் சடுதியாக நின்றால், நாம் நின்ற பிறகும் முற்றம் சுற்றிக்கொண்டே இருக்கும். காதின் வேலையைப் புரிந்துகொள்ள இந்த விளையாட்டே போதும். உட்செவியில், கேட்டலுக்கான நத்தைச்சுருளுக்கு அருகில், அரைவட்டக் கால்வாய்கள் மூன்று உள்ளன. ஓர் அறையின் மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் சந்திப்பதுபோல அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்திருக்கின்றன. ஆகவே தலையை எந்தத் திசையில் திருப்பினாலும் ஏதேனும் ஒரு கால்வாய் அதை அறிந்துகொள்ளும். கால்வாய்களுக்குள் பாயம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது பாயம் சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கல் நுண்ணிய மயிர்க்கலங்களை வளைக்க, அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. தட்டாமாலை சுற்றி நிற்கும்போது உடல் நின்றுவிடுகிறது, பாயம் நிற்பதற்குச் சில விநாடிகள் எடுக்கிறது. அந்தச் சில விநாடிகளில் கண் "நிற்கிறேன்" என்கிறது, காது "சுற்றுகிறேன்" என்கிறது. இருவேறு சாட்சிகளுக்கிடையில் அகப்பட்ட மூளையின் தடுமாற்றமே தலைச்சுற்று.

கால்வாய்கள் தொடங்கும் இடத்தில் இரண்டு சிறு பைகளும் உண்டு. அவற்றில் ஜெலி போன்ற ஒரு படலத்தின் மேல், கல்சியம் காபனேற்றாலான நுண்ணிய பளிங்குகள் பதிந்திருக்கின்றன. சோக்குக் கல்லும் முட்டை ஓடும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள்தான். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வாகனம் முன்னே போகிறதா, மின்தூக்கி மேலே ஏறுகிறதா என்பவற்றையெல்லாம் இந்தப் பளிங்குகளின் பாரத்தைக் கொண்டே உடல் உணர்கிறது.

வயது ஏறும்போதோ, தலையில் அடிபட்டாலோ, நோயில் நீண்டநாள் படுக்கையில் கிடந்தாலோ, உட்செவியில் தொற்று ஏற்பட்டாலோ இந்தப் பளிங்குகளில் சில கழன்றுவிடுகின்றன. பல வேளைகளில் காரணமே தெரிவதில்லை. கழன்றவை பக்கத்திலுள்ள அரைவட்டக் கால்வாய்க்குள் நழுவி விழுகின்றன. மூன்றிலும் பின்புறக் கால்வாயே தாழ்வாகத் தொங்குவதால் பெரும்பாலும் அதற்குள்தான் விழும். அதன் பின்னர் தலையை ஒரு குறிப்பிட்ட விதத்தில் சாய்க்கும்போதெல்லாம் அந்தத் துகள்கள் உருண்டு பாயத்தையும் இழுத்துச் செல்கின்றன. தலை அசைவு முடிந்த பிறகும் பாயம் ஓடுகிறது. மூளைக்குப் பொய்ச் செய்தி போகிறது. உலகம் சுழல்கிறது. வைத்தியர்கள் இதைச் சுருக்கமாக "பி.பி.பி.வி." என்பார்கள். தலையின் நிலை மாறும்போது சடுதியாக வந்து போகும், உயிருக்கு ஆபத்தற்ற தலைச்சுற்று என்பது அதன் பொருள். காதிலிருந்து தோன்றும் தலைச்சுற்றுகளில் மிகப் பொதுவானது இதுவே. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம், அதிலும் ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம்.

இதன் குணங்குறிகள் தெளிவானவை. படுக்கையில் புரளும்போது, படுக்கும்போது, எழும்பும்போது, மேல் தட்டிலுள்ள போத்தலை அண்ணாந்து எடுக்கும்போது, குனிந்து கூட்டும்போது, ஸுஜூதுக்குச் சென்று தலையை உயர்த்தும்போது தலை சுற்றும். வேகமாக வரும், குமட்டும், சிலருக்கு வாந்தியும் வரும். ஆனால் தலையை அசைக்காமல் வைத்திருந்தால் ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும். செவிப்புலன் குறையாது.

அந்த ஒரு நிமிடம் மனிதரின் நாளை எப்படி மாற்றிவிடுகிறது என்பதுதான் கவலைக்குரியது. ஒரு பக்கமாகப் படுக்கவே பயந்து இரவெல்லாம் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளனர். தொழுகையைக் கதிரைக்கு மாற்றிக்கொண்டவர்கள், கிணற்றடிக்கும் மாடிப்படிக்கும் அஞ்சி அறைக்குள் ஒடுங்கியவர்கள் உள்ளனர். வயோதிபர் ஒருவர் இந்தச் சுழற்சியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், தலைச்சுற்று எளிதாகப் போய்விடும், எலும்பின் பாடு இலேசில் தீராது. இதற்கிடையில் வீட்டார் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பித்தம் என்பார் ஒருவர், பிரஷர் என்பார் இன்னொருவர், கழுத்தெலும்புத் தேய்வு என்று மூன்றாமவர் கழுத்துப் பட்டி வாங்கி வருவார். இஞ்சிப் பிளேன்டீ குமட்டலுக்கு ஓரளவு இதமளிக்கலாம். ஆனால் கால்வாய்க்குள் விழுந்த கல்லை இஞ்சி வெளியேற்றாது.

இதைக் கண்டறிய முதலில் வேண்டியது இயந்திரமன்று, கேள்விகள். சுற்றுகிறதா, மயங்குகிறதா? எத்தனை நேரம் நீடிக்கிறது? என்ன செய்யும்போது வருகிறது? காது கேட்பதில் மாற்றம் உண்டா? இந்த நான்கு கேள்விகளுக்கும் நிதானமாகப் பதில் சொல்லத் தெரிந்த நோயாளி, வைத்தியரின் வேலையில் பாதியைச் செய்து கொடுத்துவிடுகிறார். வெளிநோயாளர் பிரிவில் எமக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. "எப்பவும் ஒரே தலைசுத்துத்தான்" என்று சொல்லி அதை வீணாக்குவதைவிட, ஒரு கடதாசியில் நாலு வரி எழுதிக்கொண்டு போகலாம். வீட்டில் பேத்தி இருக்கிறாளே, அவள் எழுதிக் கொடுக்கட்டும்.

அடுத்தது ஒரு பரிசோதனை. நோயாளியைக் கட்டிலில் இருத்தி, தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, அப்படியே விரைவாக மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தாழும்படி வைத்தியர் பிடித்துக்கொள்வார். கண்களைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். கல் அந்தப் பக்கக் காதில் இருந்தால் சில விநாடிகள் கழித்துத் தலைச்சுற்று தொடங்கும். கண்மணிகள் தாமாகவே வெட்டி வெட்டிச் சுழலும். நோயாளி சொல்லாமலே எந்தக் காது, எந்தக் கால்வாய் என்பதைக் கண் காட்டிக்கொடுத்துவிடும். வழமையான குணங்குறிகளோடு இந்தப் பரிசோதனையும் பொருந்திவந்தால் ஸ்கான் தேவையில்லை.

இந்த எளிய பரிசோதனைக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. வியன்னாவில் காது வைத்தியராக இருந்த ரொபர்ட் பாரானி, நோயாளரின் காதை நீர் பாய்ச்சிக் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். குளிர்ந்த நீருக்குக் கண்மணிகள் ஒரு திசையிலும், வெந்நீருக்கு எதிர்த் திசையிலும் துடித்தன. நீரின் வெப்பநிலை உட்செவிப் பாயத்தை நகர்த்துகிறது என்று அவர் உய்த்தறிந்தார். அந்த ஆய்வுகளுக்காக 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, முதலாம் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யாவின் கைதிகள் முகாமில் இருந்தார். சுவீடன் இளவரசரின் தலையீட்டால் 1916இல் விடுதலை பெற்றே பரிசை வாங்க முடிந்தது. பக்கவாட்டில் படுத்தால் தலை சுற்றுகிறது என்று வந்த 27 வயதுப் பெண்ணொருவரைப் பற்றி 1921இல் அவர் எழுதிய குறிப்பு, நாம் பேசும் இந்த நோயின் ஆரம்பப் பதிவுகளுள் ஒன்று.

மேலே சொன்ன பரிசோதனையை ஒழுங்குபடுத்தி 1952இல் வெளியிட்டவர்கள் இலண்டனைச் சேர்ந்த மார்கரெட் டிக்ஸும் சார்ள்ஸ் ஹோல்பைக்கும். இன்றும் அது அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. டிக்ஸ் சத்திரசிகிச்சை நிபுணராகப் பயின்ற பெண்மணி. இரண்டாம் உலகப் போரின்போது விமானக் குண்டுவீச்சில் முகத்திலும் கண்களிலும் காயமுற்றதால் கத்தியைக் கைவிட நேர்ந்தது. அதன் பின்னரே அவர் காதும் நரம்பும் சார்ந்த துறைக்கு வந்தார். உலகெங்கும் நாள்தோறும் வைத்தியர்கள் செய்யும் ஒரு பரிசோதனையில் அவரது பெயர் நிலைத்துவிட்டது. மருத்துவக் கனவோடு உயிரியல் பிரிவில் படிக்கும் எமது மாணவியர் அறிந்துவைக்க வேண்டிய பெயர் இது.

நோய் புரிந்தது, மருந்து கிடைக்கவில்லை. நரம்பை அறுப்பது வரை சத்திரசிகிச்சைகள் யோசிக்கப்பட்டன. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் எப்லி வேறு விதமாகச் சிந்தித்தார். ஒரு குழாய்க்குள் உருண்டை விழுந்துவிட்டது என்றால் குழாயை உடைக்க வேண்டுமா, திருப்பித் திருப்பிச் சாய்த்து உருட்டி வெளியே எடுக்கலாமே! கால்வாயின் மாதிரி ஒன்றைச் செய்து, எந்த வரிசையில் தலையைத் திருப்பினால் கல் வந்த வழியே வெளியேறும் என்று கண்டுபிடித்தார். 1980இல் அவர் இதை முன்வைத்தபோது சக வைத்தியர்கள் பலர் நம்பவில்லை, நகைத்தவர்களும் உண்டு. தலையைத் திருப்பினால் நோய் போகுமென்பது அவர்களுக்கு வித்தைக்காரன் பேச்சாகப் பட்டிருக்க வேண்டும். 1992இல்தான் அவரது கட்டுரை அச்சேறியது. இன்று அதுவே முதற் சிகிச்சை.

வலக் காதில் கல் இருப்பதாகக் கொள்வோம். இருந்தபடி தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்ப வேண்டும். அப்படியே மல்லாக்கச் சாய்ந்து, தலை சற்றுத் தாழ்ந்திருக்க, சுற்று ஓயும்வரை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பி அதேயளவு நேரம். அடுத்து உடலையும் இடப்பக்கம் புரட்டி, மூக்கு நிலத்தை நோக்குமாறு மீண்டும் அதேயளவு நேரம். பின்னர் எழுந்து உட்கார வேண்டும். எல்லாமாக ஐந்து நிமிடங்கள். நடுவில் தலை சுற்றத்தான் செய்யும். கல் நகர்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஒன்றிரண்டு தடவைகளில் பெரும்பாலானோர் குணமடைகின்றனர். சில நாட்களுக்கு இலேசான தள்ளாட்டம் மிஞ்சலாம். அதன்பின் இரவில் இருந்தபடி உறங்க வேண்டும் என்று முன்னர் சொல்லப்பட்டது, இப்போது அது அவசியமில்லை என்கிறார்கள்.

இதைப் படித்த கையோடு உம்மும்மாவைக் கட்டிலில் புரட்டத் தொடங்கிவிட வேண்டாம். எந்தக் காது என்பது முதலில் உறுதியாக வேண்டும். பக்கம் மாறினால் பயனில்லை. கழுத்தெலும்பிலோ கழுத்துக் குருதிக்குழாயிலோ கோளாறுள்ளவர்களுக்கு முறையை மாற்றிச் செய்ய வேண்டியிருக்கும். காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரோ பயிற்சி பெற்ற இயன்மருத்துவரோ முதல் தடவை செய்து காட்டட்டும். மறுபடி வந்தால் வீட்டில் எப்படிச் செய்வது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

குளிசைகளைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புரோகுளோர்பெரசின், சினரிசின் போன்றவை காதிலிருந்து வரும் செய்திகளை மந்தப்படுத்துபவை. கடுமையான சுற்றும் வாந்தியும் உள்ள முதல் ஓரிரு நாட்களுக்கு அவை பெரும் உதவி. ஆனால் கல்லை நகர்த்தும் ஆற்றல் எந்தக் குளிசைக்கும் இல்லை. மாதக்கணக்கில் விழுங்கினால் தூக்க மயக்கமும் தள்ளாட்டமும் கூடும், முதியவர்களுக்கு நடுக்கவாதம் போன்ற கைநடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம். பழைய துண்டைக் காட்டிப் பாமசியில் மறுபடியும் மறுபடியும் வாங்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் மிக அதிகம். அதை நிறுத்துவதற்கு முன்னர் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கேளுங்கள்.

எல்லாத் தலைச்சுற்றும் கல்லால் வருவதில்லை. தடிமன் காய்ச்சலுக்குப் பின் சமநிலை நரம்பு வீங்கினால், ஒரு நிமிடமன்று, நாட்கணக்கில் இடைவிடாது சுற்றும். முதல் இரண்டு மூன்று நாட்கள் தாண்டியதும் மெதுவாக எழும்பி நடமாடுவதே இதற்கு மருந்து. படுத்தே கிடந்தால் மூளை புதிய நிலைமைக்குப் பழகத் தாமதமாகும். ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும், குறைந்தும் கூடியும் மாறும் கேட்டலும், மணிக்கணக்கில் நீடிக்கும் சுற்றும் சேர்ந்து வந்தால் அது மெனியர் நோயாக இருக்கலாம். இத்தகைய தலைச்சுற்று மூளையிலிருந்தன்று, காதிலிருந்தே வருகிறது என்று 1861இல் பரிசில் எடுத்துரைத்த புரொஸ்பர் மெனியரின் பெயர் அது. உப்பைக் குறைப்பது முதலாவது ஆலோசனை. கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் பழகிய நாவுக்கு அது கசப்பான செய்திதான்.

மாணவியரும் இளம் தாய்மாரும் அறிய வேண்டியது ஒற்றைத் தலைவலியோடு தொடர்புடைய தலைச்சுற்று. தலைவலி இல்லாமலே வெறும் சுற்றாகவும் இது வரலாம். வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. பரீட்சைக் காலத்தில் தூக்கம் கெட்டு, நேரத்துக்குச் சாப்பிடாமல் இருப்பவர்களை இது தேடி வரும். சோம்பல், பரீட்சைப் பயம் என்று ஒதுக்கிவிடாமல் வைத்தியரிடம் காட்டினால் கட்டுப்படுத்தக்கூடியதே.

இனிச் சொல்லப்போவதை வீட்டில் எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். தலைச்சுற்றோடு பேச்சுக் குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், முகமோ கையோ காலோ ஒரு பக்கம் மரத்தால் அல்லது பலமிழந்தால், விழுங்க முடியாவிட்டால், முன்னெப்போதும் இல்லாத கடும் தலைவலியோ கழுத்துவலியோ திடீரென வந்தால், பிடித்துக்கொண்டுகூட நிற்க முடியாவிட்டால், அது காது அல்ல. உடலின் சமநிலையைப் பேணும் மூளியில் அல்லது மூளைத்தண்டில் ஏற்பட்ட பாரிசவாதமாக இருக்கலாம். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இதய நோய் உள்ளவர்களில் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். இங்கே தலையைத் திருப்பிப் பார்க்கவும், படுத்தெழும்பினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் நேரமில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஒரு காது திடீரென்று கேளாமல் போனாலும் அதே நாளில் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அதற்கான சிகிச்சை தாமதித்தால் பலன் குறையும்.

கல்லால் வரும் சுற்றைப் பொறுத்தவரை, குணமானவர்களுள் கணிசமானோருக்கு சில வருடங்களில் அது திரும்பவும் வரும். விற்றமின் டி குறைந்தவர்களுக்கு மீள்வருகை அதிகம் என்று கண்டறியப்பட்டிருப்பதால், வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்கள் அதையும் பரிசோதித்துக் கொள்ளலாம். திரும்ப வரும்போது வீட்டிலுள்ள பிள்ளைகள் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியம் உண்டு. சுற்று நடந்துகொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில், கண்களைத் திறந்து வைத்திருக்கச் சொல்லி, கைத்தொலைபேசியால் கண்மணிகளை அருகிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள். எந்தப் பக்கம் படுத்திருந்தார் என்பதையும் பேசிப் பதிவுசெய்யுங்கள். கிளினிக்கில் முறை வரும்போது சுற்று ஓய்ந்திருக்கும். வைத்தியர் பார்க்க வேண்டியது அந்தப் பதிவில் இருக்கும்.